தம்பியின் வதிவிடம்

என் தம்பியின் மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன். அதில் பிழை விட்டதும் நான்தான்.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பின்பக்கம், பலசரக்குக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருக்கிற சின்ன அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகத் தமிழ் தட்டச்சு வேலை செய்கிறேன். கலியாண அழைப்பிதழ் வரும், பிள்ளைகள் வயசுக்கு வந்த சாமத்திய வீட்டுக் கார்ட் வரும், கோயில் திருவிழா நோட்டீஸ் வரும். ஆனால் வருடம் முழுக்கக் குறையாமல் வருவது செத்தவீட்டு வேலைதான். முதலில் மரண அறிவித்தல், பிறகு முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர். அறிவித்தலுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன திகதி காலமானார். பிறப்பிடம் பிறந்த ஊர், வதிவிடம் கடைசிவரை வாழ்ந்த ஊர். இந்த வசனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் அடித்தேன்.

தம்பியின் மகள் தொலைபேசியில் அழைத்தபோது காலை பத்து மணி. அப்பா கடையைத் திறந்துவிட்டுப் பால் பெட்டிகளை உள்ளே எடுத்து வைக்கும்போது விழுந்துவிட்டார் என்றாள். அம்புலன்ஸ் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டதாம். அச்சக முதலாளி என்னை விட இருபது வயது இளையவர். "நீங்கள் வீட்டை போங்கோ அக்கா, அறிவித்தலை நான் அடிக்கிறன்" என்றார். கேட்டிருக்கலாம். எனக்கோ யாரும் என் வேலையைத் தொட்டால் பிடிக்காது. கதிரையில் இருந்து, கண்ணீர் விசைப்பலகையில் விழ விழ, 'லண்டனை வதிவிடமாகவும் கொண்ட' என்று அடித்து முடித்தேன்.

அவன் லண்டனில் இருந்தது இரண்டே வருடம். மற்ற முப்பத்தொரு வருடமும் அங்கிருந்து ரயிலில் மூன்று மணித்தியாலம் தள்ளி, முந்நூறு பேர்கூட இல்லாத ஒரு சின்ன ஆங்கிலக் கிராமத்தில் கடை வைத்திருந்தான். எங்கள் சனத்துக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான். கடல் ஓரத்தில் இருந்தாலும் லண்டன், மலை உச்சியில் இருந்தாலும் லண்டன். நானும் "லண்டனிலை ஒரு தம்பி இருக்கிறான்" என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வந்தேன். அவன் சலிக்காமல் திருத்துவான். "அக்கா, இது லண்டன் இல்லை. எங்கடை சனத்துக்கு லண்டன் எண்டாலே பிடிக்காது." எங்கடை சனம் என்று அவன் சொன்னது அந்த வெள்ளைக்காரரை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

எரிச்சலுக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. அவன் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டினான். கலியாணத்துக்கு நான் போகவில்லை, ஏழு மாதம் கதைக்கவும் இல்லை. பிறகு அவனே போன் எடுத்தான். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு எடுப்பான். அங்கே இரண்டு மணி, இங்கே ஒன்பது. கோயிலுக்குப் போக முன்னம் நான் சமையலை முடிக்கிற நேரம். போனை ஸ்பீக்கரில் போட்டு மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெங்காயம் அரிவேன். அவன் ஊர்ப் புதினம் சொல்லுவான். எந்த ஊர்ப் புதினம் என்கிறீர்கள்? தேவாலயத்துக் கோபுரத்தில் காகம் கூடு கட்டினதும், குளத்து வாத்து ரோட்டைக் கடந்ததும்தான். நான் "ம், ம்" என்று கொட்டுவேன். மனிசருக்கு வேலை இல்லையா என்று மனதுக்குள் நினைப்பேன். சில நாள் வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன்.

செத்தவீட்டுக்கும் போகவில்லை. என் கணவருக்குக் கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ், விட்டுவிட்டுப் போக ஏலாது. இதுதான் எல்லாருக்கும் நான் சொன்ன காரணம். டயலிசிஸ் தொடங்கி நான்கு வருடம்தான் ஆகிறது. அதற்கு முந்திய இருபத்தேழு வருடமும் அங்கே ஒருமுறைகூடப் போகாததற்கு என்னிடம் காரணம் ஒன்றும் இல்லை. செத்தவீட்டைக் கணினித் திரையில் பார்த்தேன். ஊர் மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். தலை நரைத்த வெள்ளைக்காரர்கள் கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்தார்கள். என் தம்பிக்காக அழும் அந்த முகங்களில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

அறிவித்தல் இணையத்தில் வந்த மூன்றாம் நாள் தம்பியின் மகள் எடுத்தாள். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, அருமையான பிள்ளை, தமிழில் 'மாமி'யும் 'சோறு'ம் மட்டும் தெரியும். இங்கே அவள் சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னது. அறிவித்தலைக் கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தாளாம்.

"மாமி, இதில் லண்டன் என்று இருக்கிறது. இது அப்பாவுடையதுதானா, வேறு யாராவது ஒருவருடையதா?"

கோபத்தோடு கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேட்டாள். நூற்றுக்கணக்கான ஆட்களின் வதிவிடத்தைப் பிழையில்லாமல் எழுதியவள், கூடப் பிறந்தவனை ஒரு நாளும் விரும்பி இராத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். இணையத்தில் திருத்தலாம், ஆனால் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். இங்கே ரூஜ் பக்கம் இருக்கிற எங்கள் ஒன்றுவிட்ட அண்ணை ஒருவர் எடுத்து, "லண்டனிலை எவ்விடம்? என்ரை மகன் பக்கத்திலை எண்டால் போய்ப் பாத்திட்டு வருவான்" என்று கேட்டார். எவ்விடமும் இல்லை அண்ணை என்று சொல்லி வைத்தேன்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அங்கே அந்தியேட்டிக் கிரியை செய்ய ஆளில்லை. முப்பத்தோராம் நாள் இங்கே ஒரு மண்டபம் எடுத்து, தேவாரம் படித்து, மத்தியானச் சாப்பாடு கொடுத்து, ஒரு நினைவு மலர் வெளியிடுவேன். அதன் முதல் பக்கத்தில் அவன் வாழ்ந்த ஊர் சரியாக இருக்கும். இந்த ஒன்றையாவது சரியாகச் செய்யாவிட்டால் நான் அவனுக்கு அக்கா என்று சொல்லிக்கொள்ளவே கூடாது.

எங்கள் மலர்களில் முதல் பக்கம் எப்போதும் 'ஊர்ச் சிறப்பு'. அதற்கும் என்னிடம் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. நீர்வளமும் நிலவளமும் நிறைந்து, நாற்புறமும் ஆலயங்கள் சூழ, கல்விமான்கள் பலரை ஈன்றெடுத்த பெருமை வாய்ந்தது என்று தொடங்கும். ஊர்ப் பெயரையும் கோயில் பெயரையும் மாற்றினால் போதும். ஒருமுறை கரையூர் ஒன்றுக்கு எழுதியதை அவசரத்தில் வேறு ஊர் ஒன்றுக்குப் போட்டு, கடலே இல்லாத கிராமத்தில் வெளிச்சவீட்டைக் கட்டிவிட்டேன். அந்த வீட்டுக்காரர் அச்சகத்துக்கு வந்து நின்று சத்தம் போட்டது இன்றைக்கும் காதில் கேட்கிறது. தம்பியின் ஊருக்கு இந்த வாய்ப்பாடு உதவாது. சூழ்ந்து நிற்க ஆலயங்கள் இல்லை, இருப்பது ஒரு தேவாலயம். அங்கே கல்விமான்கள் பிறந்தார்களா என்பதை நான் எங்கே கண்டேன்.

"அப்பா எழுதின நோட்டீஸ் உங்களிடம் இருக்குமே மாமி" என்றாள் மகள். இருந்திருக்க வேண்டும். ஊரின் வரலாறும் பார்க்க வேண்டிய இடங்களும் என்று ஒரு மடிப்புத்தாள். அங்கே ஆறேழு முதியவர்கள் சேர்ந்து ஊர் வரலாற்றுக் குழு என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதில் சேர்ந்த ஒரே வெளியாள் என் தம்பி. பழைய தாள் பிழைகளோடு இருக்கிறது என்று சொல்லி, இரண்டு வருடம் தேவாலயப் பதிவேடுகளைக் கிளறி, அவனே புதிதாக எழுதினான். அச்சானதும் எனக்கு இரண்டு பிரதி அனுப்பினான். பிறகு ஞாயிறுகளில் கேட்டான்.

"அக்கா, அதை வாசிச்சனீங்களோ?"

"ஓம், பாத்தனான். வடிவாய் இருக்கு."

"அதைத் தமிழிலை எழுதித் தாருங்கோவன். உங்களுக்குத்தானே உந்த எழுத்து வேலை கைவந்தது."

"ஆருக்கடா? உங்கை ஆர் தமிழ் வாசிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை. சும்மாதான், எனக்கு."

நான் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டேன். தாளை நான் பார்க்கவும் இல்லை. கடை விளம்பரங்களோடு சேர்த்து, பழைய தாள் போடுகிற நீலப் பெட்டிக்குள் போட்டு, வியாழக்கிழமை குப்பை லொறிக்குக் கொடுத்துவிட்டேன். இதை மகளிடம் சொல்லவில்லை. தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை என்று பொய் சொன்னேன். அவள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினாள்.

அடுத்த சனிக்கிழமை அவளே கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அந்த ஊரை எனக்கு நடந்து காட்டினாள். முப்பத்தொரு வருடம் நான் போகாத ஊரைச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி நாற்பது நிமிடத்தில் பார்த்து முடித்தேன். அவ்வளவு சின்ன ஊர்.

தேவாலயத்துக் கோபுரம் கட்டையானது. அதில் ஒரு மணிக்கூடு, அதற்கு ஒரே ஒரு முள். மணித்தியாலத்தை மட்டும் காட்டும். நிமிடம் காட்டுகிற முள் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, செய்யும்போதே ஒரு முள்தான் வைத்தார்கள், அந்தக் காலத்தில் நிமிடம் யாருக்கும் தேவைப்படவில்லை என்று தம்பி எழுதியிருந்தான். முற்றத்தில் கரும்பச்சையாய் ஒரு பெரிய மரம். தேவாலயத்தை விட அதற்கு வயது கூட. தமிழில் அதற்குப் பெயர் இல்லை.

நாற்சந்தியில் ஒரு கல் மேடை. முன்னர் அதில் சிலுவை நின்றதாம். பழைய காலத்தில் மன்னருக்கும் மக்கள் சபைக்கும் நடந்த சண்டையில் படையினர் அதை உடைத்துவிட்டார்கள். ஆனாலும் ஊர்ச்சனம் இன்றைக்கும் 'சிலுவையடியில் சந்திப்போம்' என்றுதான் சொல்கிறார்களாம். அப்பா தினமும் காலையில் அதில் இருந்துதான் தேநீர் குடிப்பார் என்று மகள் காட்டினாள். கல்லின் ஒரு மூலை வழுவழுப்பாக இருந்தது. அது அவனால் வந்ததல்ல, நூறு நூறு வருடமாக ஆட்கள் இருந்து எழும்பியதால் வந்தது. ஆனால் நான் மகளை நிற்கச் சொல்லி அந்த மூலையையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு குளம். முந்தியெல்லாம் வெயில் காலத்தில் குதிரை வண்டியின் மரச் சில்லு காய்ந்து சுருங்கி, சுற்றியிருக்கும் இரும்பு வளையம் கழன்றுவிடும். அதனால் வண்டியை அப்படியே குளத்துக்குள் இறக்கி, சில்லு ஊறிப் பருக்கும்வரை நிறுத்தி வைப்பார்களாம். இப்போது வாத்து மட்டும். அதைத் தாண்டி ஒரு மைல்கல். இரண்டாம் உலக யுத்த காலத்தில் எதிரிக்கு வழி தெரியக்கூடாது என்று அதைப் பிடுங்கிப் புதைத்தார்கள். யுத்தம் முடிந்து திரும்ப நட்டவர்கள் முகத்தை மாற்றி நட்டுவிட்டார்கள். எண்பது வருடமாக அது பிழையான திசையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. யாரும் திருத்தவில்லை.

கடைசியில் வந்தது இடுப்பளவு கற்சுவர் சுற்றிய ஒரு சின்ன வட்டம். உள்ளே புல். மகள் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னாள். சொந்தக்காரன் இல்லாமல் திரிகிற மாடுகளைப் பிடித்து அடைக்கிற இடம் என்று விளக்கினாள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மூன்று நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு அவன் திடீரென்று கேட்டான்.

"அக்கா, கட்டாக்காலி மாடு அடைக்கிற இடத்துக்கு எங்கடை பக்கம் என்ன சொல்லுறது? பட்டியோ, வேறை பேர் இருக்கோ?"

"உனக்கென்ன விசரோ? கடையை விட்டிட்டு மாடு பிடிக்கப் போறியோ?"

இப்படி வேறும் கேட்டிருக்கிறான். சில்லைச் சுற்றின இரும்புக்கு என்ன பெயர், தேவாலயத்து மணியை இழுக்கிறவரை எப்படிச் சொல்லுவது. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு நக்கல் விட்டிருக்கிறேன். நான் எழுதித் தரமாட்டேன் என்று தெரிந்து, அவன் தானே தமிழில் எழுதப் பார்த்திருக்கிறான். முப்பது வருடம் தமிழ் எழுதாத கையோடு, சொல் சொல்லாக என்னிடம் வந்து கேட்டிருக்கிறான். மகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று கமராவை உட்கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு வாயைப் பொத்தினேன். "மாமி, இணைப்புப் போய்விட்டதா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மலரை எழுத ஒன்பது நாள் எடுத்தது. கணவரை டயலிசிசுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கேயே காத்திருக்கும் கதிரையில் இருந்து எழுதினேன். கட்டாக்காலிப் பட்டி என்றே போட்டேன். மரத்துக்கு, என்றும் பச்சையாக நிற்கும் கரிய மரம் என்று எழுதினேன். வேலை செய்யச் செய்ய ஒன்று கவனித்தேன். அவன் கடையைப் பற்றியும் ஒரு பந்தி இருந்தது. முதலில் கொல்லன் பட்டறை, பிறகு ஒரு பேக்கரி, பிறகு ஒரு விதவை அதில் தபாற்கந்தோர் நடத்தினார், அவர் குதிரையில் தந்தி கொண்டுபோவார். இத்தனையும் எழுதியவன், 'இப்போது கடை' என்று இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டான். கொல்லனின் நாய்க்குக்கூட இடம் கொடுத்தவன் தன்னை விட்டுவிட்டான். நான் அதன் கீழே ஒரு வசனம் சேர்த்தேன். 'முப்பத்தொரு வருடம் இக்கடையை நடத்தியவர், தன் ஊரைப் பற்றிக் கதைக்க விரும்பியவர்.' அதற்கு மேல் எழுத எனக்கு என்ன தெரியும்?

அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாள் முதலாளி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எல்லாம் நல்லாயிருக்கு அக்கா. ஆனால் தலைப்பிலை ஊரின்ரை பேரைக் காணேல்லை."

உண்மைதான். எழுதும்போது 'இவ்வூர்', 'அவ்வூர்' என்றே போட்டுக்கொண்டு போயிருந்தேன், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் பத்து எழுத்து. பிறந்தநாள் கார்டின் உறையில் வருடா வருடம் அந்தப் பத்தையும் பார்த்துப் பார்த்துக் கொப்பி பண்ணியிருக்கிறேன். அதற்கு வாயும் வேண்டாம், காதும் வேண்டாம். தமிழில் எழுதுவதென்றால் சத்தம் தெரிய வேண்டும். எழுத்துக் கூட்டி ஒரு மாதிரி எழுதி, தம்பியின் மகளுக்கு எடுத்து வாசித்துக் காட்டினேன்.

"அது அப்படி இல்லை மாமி. நடுவில் இருக்கிற நான்கு எழுத்துக்கும் சத்தமே கிடையாது." அவள் இரண்டு தரம் சொன்னாள். பத்து எழுத்தும் இரண்டு அசையாகச் சுருங்கிவிட்டது. முதல் அசை ஒகரமா அகரமா என்று பிடிபடவில்லை. கடைசியில் ஒரு ரகரம் இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. தமிழ் எழுத்து அந்த இரண்டுங்கெட்டானை ஏற்காது, ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

"அப்பா எப்படிச் சொல்லுவார்?" என்று கேட்டேன்.

"எங்களைப் போலத்தான்."

"ஆங்கிலத்தில் இல்லையம்மா. தமிழில் கதைக்கும்போது எப்படிச் சொல்லுவார்? எங்கள் நாக்குக்கு அது எப்படி வரும்?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் தெரியாது மாமி. அப்பா தமிழ் கதைத்தது உங்களோடு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கடைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்து கதைப்பார். அம்மாவுக்கும் எனக்கும் ஒன்றும் விளங்காது. உங்களுக்குத்தானே தெரியும்."

அவள் சொன்னது சரி. அந்த ஊரின் பெயரைத் தமிழ் வாயால் சொன்னவன் உலகத்தில் ஒருவன். அதைக் கேட்டவள் ஒருத்தி. ஆயிரத்து ஐந்நூறு ஞாயிறாவது இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தரமாவது அந்தப் பெயரைச் சொல்லியிருப்பான். கண்ணை மூடி, அவன் குரலை வரவழைத்தேன். குரல் வருகிறது. 'அக்கா' என்பது வருகிறது, இருமல் வருகிறது, சிரிப்பும் வருகிறது. பெயர் வரவில்லை. அந்த இடத்தில் என் வீட்டு வெங்காயம் பொரிகிற சத்தம்தான் கேட்கிறது.

மகள் சொன்னபடி, ஒகரம் போட்டு, ரகரத்தை விட்டு எழுதிக் கொடுத்தேன். நூற்றைம்பது பிரதி அச்சாகிப் பெட்டியில் வந்தது. மண்டபத்தில் எல்லாரும் வாசித்தார்கள், வடிவான ஊர் என்றார்கள், பெயரில் யாரும் பிழை சொல்லவில்லை. சரியா பிழையா என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான் மிச்சம். எனக்குத் தெரியாது.